புலமும் புல எண்ணும்

உயர் அழுத்த மின்கம்பிகளால் உடம்புக்குக் கேடு உண்டா என்பது பற்றி நம் கைக்கு வந்து சேர்கிற எழுத்து இரண்டு வகை. ஒன்று அரசுத் தரப்பு எழுத்து: நிரூபணம் எதுவுமில்லை, வரம்புக்குள்தான் இருக்கிறது, அச்சம் வேண்டாம். இன்னொன்று நிலம் வைத்திருப்பவர்களின் போராட்டத்தில் பிறந்த துண்டறிக்கை: கோபுரம் வந்தால் புற்றுநோய் வரும், மாடு சினை பிடிக்காது, தென்னை காய்க்காது. இரண்டும் ஒன்றையொன்று மறுத்துக்கொள்கின்றன. ஆனால் இரண்டிலும் ஒரே ஆள் காணாமல் போயிருக்கிறார். கம்பிக்குக் கீழே கூலிக்குக் களை எடுப்பவர். கம்பி ஓரத்துப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர். நம்மில் சிலரும் இந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டு பேசிவருகிறோம். இரண்டையும் நம் பக்கத்திலிருந்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் விராலிமலைப் பக்கத்துக் காலனிக்காரன். எங்கள் ஊரைப் பற்றி எழுதுபவர்கள் முருகனை எழுதுவார்கள், மயிலை எழுதுவார்கள், சாமிக்குச் சுருட்டுப் படைப்பதை எழுதுவார்கள். திருச்சி - மதுரை நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் வந்த கதையையும் இப்போது எழுதுகிறார்கள். மானாவாரிக் காட்டுக்கு மேலே போகிற கம்பியை எழுதுவதில்லை. அது யார் தலைக்கு மேலே போகிறது என்பதை எழுதவே மாட்டார்கள்.

எங்கள் பெரியம்மா கடலைக் காட்டுக்குக் களை எடுக்கப் போகிறவர். ஒருநாள் கேட்டார்: "ஏந்தம்பி, செருப்புப் போட்டுக்கிட்டு அந்தக் கம்பி வேலியத் தொட்டா சுருக்குங்குது. மழ தூறுனா மேல உஸ்சுன்னு எரைச்சல். கேன்சர் வரும்னு நோட்டீசுல போட்டிருக்காகளாம், நெசமா?"

இந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேலியில் ‘சுருக்’ என்பது ஒன்று, கேன்சர் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். துண்டறிக்கை இரண்டையும் ஒன்றாக்குகிறது. அரசுத் தரப்பு இரண்டாவதை மறுத்துவிட்டு முதலாவதையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

கம்பியைச் சுற்றி இருப்பது இரண்டு புலங்கள். மின்னழுத்தத்தால் உண்டாவது மின்புலம். கம்பியில் மின்சாரம் ஓடுவதால் உண்டாவது காந்தப்புலம். மின்புலத்தைச் சுவரும் மரமும் பெருமளவு தடுத்துவிடும். அதுதான் தரையோடு தொடர்பில்லாத வேலியிலும் தகரத்திலும் மின்னேற்றத்தை ஏற்றி, தொட்டவர் கையில் சுருக்கென்று இறக்குகிறது. கம்பிக்குக் கீழே வெறும் டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறதே, அதுவும் மின்புலத்தின் வேலைதான். காந்தப்புலம் அப்படியில்லை. சுவரைத் தாண்டி வரும், உடம்பைத் தாண்டிப் போகும், ஆனால் தூரம் போகப் போகக் குறைந்துவிடும். புற்றுநோய் பற்றி உலகத்தில் நடந்த முக்கியமான ஆய்வுகளெல்லாம் இந்தக் காந்தப்புலத்தைப் பற்றியவை. ஆகவே டியூப்லைட் எரிவது புற்றுநோய்க்குச் சாட்சி ஆகாது. அது வேலியில் அடிக்கிற ஷாக்குக்குச் சாட்சி. அந்த ஷாக்குக்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, வேலியை முறையாக எர்த் செய்தால் போதும். அவ்வளவு சின்ன வேலை கேட்பாரில்லாமல் கிடப்பதற்குக் காரணம், ஷாக் வாங்குவது காட்டுக்காரர் கை இல்லை, களையெடுப்பவர் கை என்பதுதான்.

இனிப் புற்றுநோய்க் கேள்விக்கு வருவோம். இதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் நாம் பேசக் கூடாது.

1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீட்டுக்கு வெளியே போகிற கம்பிகளைப் பார்த்தார்கள். அதிக மின்சாரம் ஓடக்கூடிய கம்பிகளுக்குப் பக்கத்து வீடுகளில் அந்தக் குழந்தைகள் கூடுதலாக இருந்தார்கள் என்றார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது காட்டில் நிற்கிற ராட்சதக் கோபுரங்களை இல்லை. தெருவில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடுகளுக்குப் பிரிந்து போகிற கம்பிகளை. காந்தப்புலம் வோல்ட்டேஜைப் பொறுத்ததில்லை, ஓடுகிற மின்சாரத்தைப் பொறுத்தது.

அடுத்து 1992-ல் சுவீடனில் ஃபெய்க்டிங், ஆல்போம் ஆகியோர் 220, 400 கிலோவோல்ட் தடங்களிலிருந்து 300 மீட்டருக்குள் வாழ்ந்தவர்களை ஆராய்ந்தார்கள். 2000-ல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஒரு கணக்கு கிடைத்தது. வீட்டில் சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குக் கீழே கூடுதல் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இதை வைத்துத்தான் 2002-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மின்தடக் காந்தப்புலத்தைப் ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளது’ என்கிற 2பி வகையில் வைத்தது. ஆசியாவின் மரபான காய்கறி ஊறுகாயும் அதே வகையில்தான் இருக்கிறது. துண்டறிக்கை 2பி என்று கொட்டை எழுத்தில் போடும், ஊறுகாயைச் சொல்லாது. அரசுத் தரப்பு ஊறுகாயைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகும், இரண்டு மடங்கு என்ற கணக்கைச் சொல்லாது.

2007-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லாவற்றையும் எடைபோட்டது. காரணம் - விளைவு என்று சொல்லுமளவுக்குச் சான்று வலுவாக இல்லை, உடம்புக்குள் இது எப்படி வேலை செய்யும் என்பதும் விளங்கவில்லை என்றது. அதே மூச்சில், புதிதாகத் தடம் போடும்போது குறைந்த செலவில் புலத்தைக் குறைக்க வழியிருந்தால் குறையுங்கள் என்றும் சொன்னது. தொடர்பு உண்மையாகவே இருந்தாலும், உலகம் முழுக்க ஆண்டுக்கு 100 முதல் 2,400 குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இது காரணமாக இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. ஊரே செத்துவிடும் என்கிற பேச்சுக்கு இதில் இடமில்லை. ஒன்றுமேயில்லை என்கிற பேச்சுக்கும் இடமில்லை.

‘வரம்புக்குள் இருக்கிறது’ என்ற வாக்கியத்தையும் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும். எந்த வரம்பு? பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு 1998-ல் 100 மைக்ரோடெஸ்லா, 2010-ல் 200 மைக்ரோடெஸ்லா. உயர் அழுத்தக் கம்பிக்கு நேர் கீழே போய் நின்றாலே 20 மைக்ரோடெஸ்லா வரைதான் வரும். ஆகவே எந்தக் காலத்திலும் ‘வரம்புக்குள்’தான் இருக்கும். அந்த வரம்பு நரம்பும் தசையும் அப்போதைக்கப்போது தூண்டப்படாமல் இருக்க வைக்கப்பட்டது. கேள்வி எழுந்ததோ 0.4-ல், வருஷக்கணக்காக அங்கேயே படுத்துத் தூங்குகிற குழந்தையைப் பற்றி. ஒரு கேள்விக்கு வேறொரு கேள்வியின் பதிலைத் தருவது அதிகாரச் சொல்லாடலின் பழைய பழக்கம். தடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய தூரமும் அப்படித்தான். மின்பாதுகாப்பு விதிகளில் 11 கிலோவோல்ட் கம்பிக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர் என்று இருக்கிறது. அது ஷாக்கடித்துச் சாகாமல் இருக்கிற தூரம். நோய்க்கான தூரம் என்று எவரும் அதை எழுதவில்லை.

இனி நமக்கு ரொம்ப முக்கியமான ஆய்வு. 2005-ல் பிரிட்டனில் டிரேப்பர் குழு, பிறந்தபோது உயர் அழுத்தத் தடத்துக்கு 200 மீட்டருக்குள் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சுமார் 70 சதவீதம் கூடுதல் என்றது. ஆனால் 200 முதல் 600 மீட்டர் வரை இருந்தவர்களிடமும் சுமார் 20 சதவீதம் கூடுதல். அத்தனை தூரத்துக்குக் கம்பியின் காந்தப்புலம் எட்டாதே? 2014-ல் அதே ஆய்வைப் பல பத்தாண்டுகளுக்கு நீட்டிப் பார்த்தார்கள். 1960, 70-களில் தெரிந்த கூடுதல் 1980-களுக்குப் பிறகு இல்லாமல் போயிருந்தது. கம்பி அப்படியேதான் இருக்கிறது, மின்சாரமும் ஓடுகிறது. அப்படியானால் மாறியது எது? கம்பியோரத்தில் குடியிருக்கும் மக்கள் மாறியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள்.

தோழர்களே, இதைத்தான் நாம் நின்று படிக்க வேண்டும். விஞ்ஞானம் அளந்து அளந்து கடைசியில் வந்து நின்ற கேள்வி, ‘கம்பிக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?’ என்பது. இங்கே அந்தக் கேள்வியோடுதான் நாம் பிறக்கிறோம். கம்பி போனதும் நிலத்தின் விலை இறங்கும். விலை இறங்கிய இடத்துக்கு யார் வந்து சேர்வார்கள் என்று கண்டுபிடிக்க எந்த ஊர் ஆய்வும் வேண்டாம். ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சுடுகாட்டு வழியில் என்று ஒதுக்கிய இடத்திலேயே குப்பைமேடும் வரும், கோபுரமும் வரும். அங்கே இருக்கிறவர் உடம்பில் ஏற்கெனவே ரத்தசோகை இருக்கிறது, பூச்சிமருந்து இருக்கிறது. காய்ச்சல் விடாமல் அடிக்கிற பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை நடக்கும் முன்பே கதை முடிந்துவிடுவதும் உண்டு. எண்ணப்படாத சாவு ஆய்வில் சேராது. ‘நிரூபணம் இல்லை’ என்ற வாக்கியத்துக்கு அடியில் எண்ணாமல் விட்டதும் சேர்ந்தே புதைந்திருக்கிறது.

எங்கள் மாவட்டத்திலேயே ஒன்று நடந்தது. வேங்கைவயலில் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது எப்படி? பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு. சேரிப் பிள்ளையின் உடம்புதான் இங்கே முதல் அளவுமானி. அதற்கு முன்னால் அளந்து பார்க்க ஒருவரும் வருவதில்லை.

மேற்கு மாவட்டங்களில் நடந்த போராட்டத்தை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் தடம். 2018 தொடங்கி திருப்பூர், ஈரோடு, கோவைப் பகுதி விவசாயிகள் இதையும் இதோடு சேர்ந்த தடங்களையும் எதிர்த்துக் களத்தில் நின்றார்கள். சாலையோரம் தரைக்கடியில் கேபிளாகக் கொண்டுபோகச் சொன்னார்கள். நியாயமான கோரிக்கை, புகளூரிலிருந்து திருச்சூர் போகிற தடத்தில் கேரளப் பகுதியில் ஒரு பாகம் தரைக்கடியில்தான் போகிறது. ஆனால் அந்தக் களத்திலிருந்து வந்த துண்டறிக்கைகளின் வாதத்தில் ஓட்டை இருந்தது. ராய்கர் - புகளூர் தடம் நேர்மின்சாரம், அதாவது டி.சி. அதன் காந்தப்புலம் அசையாத புலம். பூமிக்கே சுமார் 40 மைக்ரோடெஸ்லா அளவில் அப்படியொரு காந்தப்புலம் உண்டு. டென்வர், சுவீடன் ஆய்வுகளெல்லாம் மாறுமின்சாரம் பற்றியவை. அவற்றைக் கொண்டுவந்து டி.சி. தடத்துக்குப் பொருத்த முடியாது. புகளூரிலிருந்து பிரிந்து போகிற 400 கிலோவோல்ட் மாறுமின்சாரத் தடங்களுக்குப் பொருத்தலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் பேசினால் எதிர்த்தரப்புப் பொறியாளர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அவர் முடிப்பது புற்றுநோய் வாதத்தை மட்டுமில்லை, வேலியில் அடிக்கிற ஷாக்கையும் சேர்த்துத்தான்.

அதைவிடப் பெரிய பிரச்சினை இழப்பீட்டில் இருக்கிறது. 2015 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் வழிகாட்டுதல் தந்தது: கோபுரக் கால் ஊன்றும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகிற வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதைத் திருத்திக் கோபுர இடத்துக்கு 200, வழித்தடத்துக்கு 30 சதவீதம் என்றார்கள். போராடியதால் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் கணக்கு முழுக்க நில மதிப்பின் மேல். நிலமே இல்லாதவருக்கு 200 சதவீதம் எவ்வளவு? பூஜ்ஜியத்தை இரண்டால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். வழித்தடத்தில் தென்னையை வெட்டினால் தென்னைக்கும் காசு உண்டு. அந்தத் தோப்பில் வேலை பார்த்து வந்த கூலிக்கு விலை போட அதில் பத்தியே இல்லை. கம்பியோரப் புறம்போக்குக் குடிசைக்காரரைக் கேட்டால் ‘ஆக்கிரமிப்பு’ என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பி போடும் அதிகாரம் வருவது 2003 மின்சாரச் சட்டம் 164-ஆம் பிரிவு வழியாக, 1885 தந்திச் சட்டத்திலிருந்து. தந்தி 2013-லேயே செத்துவிட்டது. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்து பழைய சட்டத்தை நீக்கியவர்கள், மின்தடத்துக்கு மட்டும் அதன் மூன்றாம் பகுதியை உயிரோடு விட்டுவைத்தார்கள். நிலத்தை எடுக்காமல், உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் கம்பி போட அது வசதியாக இருக்கிறது. ஆனால் அதே பகுதியின் 10-ஆம் பிரிவில் வேறொன்றும் இருக்கிறது. சேதத்தை முடிந்த மட்டும் குறைக்க வேண்டும், சேதம் அடைந்த சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் முழு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. பட்டாதாரருக்கு மட்டும் என்று அங்கே எழுதவில்லை. யாருக்குச் சேர வேண்டும் என்று தகராறு வந்தால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம் என்கிறது 16-ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் ‘சம்பந்தப்பட்ட எல்லாரும்’ என்று அகலமாக இருந்தது, நம் காலத்து வழிகாட்டுதலில் ‘நில மதிப்பு’ என்று ஒடுங்கிவிட்டது. குத்தகைக்கு உழுபவரும் கூலிக்காரரும் குடிசைக்காரரும் ‘சம்பந்தப்பட்டவர்’ இல்லையா? இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சட்டம் படிக்கிற நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

மின்காந்தப் புலம் என்கிறோம். தமிழில் புலம் என்றால் வயல், நிலம். தாசில்தார் ஆபீசில் இன்றைக்கும் ‘புல எண்’ என்றுதான் கேட்பார்கள். புல எண்ணுக்கு எதிரே எவர் பெயர் இருக்கிறதோ அவருக்குக் காசு. பெயர் இல்லாதவருக்குக் கண்ணுக்குத் தெரியாத அந்த இன்னொரு புலம். பஞ்சமி நிலம் என்று கேட்கிற உரிமை 1892-ல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. எங்கள் பகுதி அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம், 1948-ல்தான் இந்தியாவோடு சேர்ந்தது. மாகாணத்துத் தோழர்கள் காட்டுகிற அந்தப் பழைய காகிதம்கூட எங்கள் கையில் இல்லை.

கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் விட்டுப்போகிற விஷயமும் உண்டு. டென்வர்க்காரர்கள் தெருக்கம்பியைப் பார்த்தார்கள் என்றேன். நம் காலனிகளில் டிரான்ஸ்ஃபார்மர் எங்கே நிற்கிறது? குடிசைச் சுவரை ஒட்டி, குழாயடிக்குப் பக்கத்தில். கம்பி தொய்ந்து கூரையைத் தொடுகிறது. புற்றுநோய் வருமா என்பது இன்னும் தீராத கேள்வி. கம்பி அறுந்து விழுந்தால் சாவு என்பதில் கேள்வியே இல்லை. 2021-ல் மட்டும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் மேல் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். கோபுரத் துண்டறிக்கைகளில் இதற்கு ஒரு வரி கிடையாது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், குடிசைக்கு ஒற்றை விளக்கு என்று பிரித்த அதே கை, கம்பியின் தரத்தையும் பிரித்துத்தான் கொடுக்கிறது.

பெரியம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "வேலியில அடிக்கிறது நெசம் பெரியம்மா, அத எர்த் பண்ணச் சொல்லிக் கேக்கலாம். கேன்சர் கண்டிப்பா வரும்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. ஆனா சின்னப் பிள்ளைகளத் தூங்க வைக்கிற எடம் கம்பிக்குத் தள்ளியே இருக்கட்டும்." அதற்கு அவர் சொன்னது: "தள்ளிப் போறதுக்கு எடம் எங்கப்பா இருக்கு?" எந்த நிபுணர் அறிக்கையிலும் இந்த வரி இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்த செலவுத் தற்காப்பு, தள்ளிப்போக இடமிருப்பவருக்குத்தான் குறைந்த செலவு.

ஆகவே இதைப் பற்றி எழுதப்போகிற தோழர்களுக்குச் சொல்ல விரும்புவது: கடன் வாங்கிய பயத்தை எழுத வேண்டாம், கடன் வாங்கிய தைரியத்தையும் எழுத வேண்டாம். மாடு சினை பிடிக்காத கதையை விடுங்கள். காந்தப்புலத்தை அளக்கிற சின்னக் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்கள் ஒன்றை வாங்கிக்கொண்டு காலனி காலனியாகப் போகலாம். குழந்தை படுக்கும் இடத்தில் வைத்து, கம்பியிலிருந்து எத்தனை அடி, பகலா ராத்திரியா, டிரான்ஸ்ஃபார்மர் எங்கே என்று நோட்டில் எழுதலாம். ஐரோப்பிய வீடுகளில் சராசரி 0.07 மைக்ரோடெஸ்லா என்கிறார்கள், நம் குடிசைகளில் எவ்வளவு என்று நாமே சொல்லலாம். ஷாக்கடித்தவர்களையும் செத்தவர்களையும் பெயரோடு எண்ணி வைக்கலாம். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கலாம்: புதுத் தடம் போடும்போது குடியிருப்பிலிருந்து தள்ளிப் போடு. ஏற்கெனவே கம்பிக்குக் கீழே இருப்பவருக்கு வேறு இடத்தில் பட்டாவோடு மனை கொடு. கூலியையும் குடிசையையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர். காலனிக் கம்பியை உயர்த்திக் கட்டு.

இவற்றில் எதற்கும் புற்றுநோய் நிரூபணமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கம்பிக்குக் கீழே ஆள் இருக்கிறார் என்பது நிரூபணமானால் போதும்.